வளவில்லாத நாற்பது பேர்

எங்கள் துறையில் தோணி கட்ட ஒரு முளை வேண்டும். முளை என்றால் தண்ணீருக்குள் அடித்து இறக்கிய கம்பு. ஒரு தோணிக்கு ஒரு முளை. முளைகள் மீனவர் சங்கத்தின் கையில் இருக்கின்றன. சங்கத்தில் அங்கத்துவம் இல்லாத ஆளுக்கு முளை கிடையாது. சங்கம் கடிதம் கொடுக்காவிட்டால் மீன்பிடி இன்ஸ்பெக்டர் லைசன் தரமாட்டார். லைசன் இல்லாமல் வாவியில் தோணி இறக்கி வலை விட்டால் வலையைக் கொண்டுபோய்விடுவார்கள். இவ்வளவும் தெரிந்தால் நான் சொல்லப்போவது விளங்கும்.

என் புருசன் மாசி மாதம் செத்தார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்தது. அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

இருபத்திரண்டு வருசம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தோணியில் போனோம். அவர் பின்னால் நின்று கம்பு ஊன்றுவார். நான் முன்னால் இருந்து வலை விடுவேன், இழுப்பேன், மீன் கழற்றுவேன். தொடக்கத்தில் துறையில் சிலர் முணுமுணுத்தார்கள். பொம்பிளை ஏறின தோணி என்று ஒருவர் காறித் துப்பினார். என் புருசன் அவரைப் பார்த்து, அவள் இறங்கினால் வலை இழுக்க நீ வாறியா என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடித்து அடுத்த கிழமை சங்கத்துக்குப் போனேன். தோணி எனக்கு. வலை எனக்கு. தொழில் தெரியும். லைசன் மட்டும் அவர் பெயரில் இருந்தது, அது அவரோடு போய்விட்டது. என்னை அங்கத்தவராகச் சேர்த்து ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அதைத்தான் கேட்டேன்.

சங்கம் இருப்பது ஓர் அறையில். செயலாளர் வீட்டு வளவின் முன்பக்கத்தில் சீமெந்துச் சுவர் வைத்துத் தகரம் போட்ட அறை. வளவு என்றால் வீட்டைச் சுற்றிய காணி. உள்ளே தராசு, ஐஸ் பெட்டி, ஒரு மேசை. வெளியில் பெயர்ப்பலகை. செயலாளர் வீட்டு வளவு என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அந்த நாளில் நானும் அப்படித்தான் சொன்னேன்.

செயலாளர் மேசைக்குப் பின்னால் இருந்தார். தலைவர் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றேன். இருக்கச் சொல்லவில்லை. செயலாளர் சங்கத்து யாப்பை, சங்கத்தின் விதிகள் எழுதிய புத்தகத்தை, எடுத்து என் முன்னால் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"வாசிக்கத் தெரியுந்தானே? வாசி."

நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். வாசித்தேன். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட, இத்துறையில் தொழில் செய்யும் மீனவன் எவனும் அங்கத்தவனாகச் சேரலாம் என்று இருந்தது.

"இதுல நீ எங்க இருக்காய்?" என்றார். பிறகு பக்கத்தைப் புரட்டினார். இறந்த அங்கத்தவனின் மனைவிக்கு மரண உதவி, ஒரு முறை மட்டும். "இந்தா, இதுதான் உன்ட பக்கம். அத நாங்க தந்திட்டம்."

இருபத்திரண்டு வருசம் தோணியில் போனது துறைக்கே தெரியும் என்று சொன்னேன். அது வேலை, அங்கத்துவம் வேறு என்றார். எழுத்தில் இருப்பதைத்தான் தான் செய்யலாம், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். அப்போது தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சமாதானம் பேசினார். மீனவன் என்றால் எல்லோருந்தான், அதில் ஆண் பெண் என்று பிரித்துப் பார்க்கக் கூடாது, மனம் நோகாதே என்றார்.

"அப்பிடியெண்டா என்னையும் சேருங்க," என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அது பேச்சுக்குச் சொல்வது என்றார் தலைவர்.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. எல்லோரும் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் அந்தச் சொல்லுக்குள் நானும் இருப்பேன். ஏதாவது கொடுக்க வேண்டிய நேரத்தில் இருக்கமாட்டேன். நான் வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அழவில்லை. அந்த இரண்டு முகத்தையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் செயலாளரின் தம்பி வந்தான். அக்கா அக்கா என்று கூப்பிட்டான். தோணி சும்மா கிடந்து வீணாகப் போகும், முளையும் சும்மா கிடக்கிறது, இரண்டையும் தனக்குத் தந்தால் கறிக்கு மீன் தருவேன் என்றான். தரமாட்டேன் என்றேன். சிரித்துக்கொண்டு போனான். சித்திரை வருசப் பிறப்புக்கு இரண்டு நாள் கழித்துத் துறைக்குப் போனேன். என் தோணியைக் கரையில் இழுத்து வெறும் மணலில் கவிழ்த்திருந்தார்கள். என் முளையில் அவனுடைய பைபர் தோணி கட்டியிருந்தது. என் கயிற்றைக்கூட அவிழ்த்து எறியவில்லை. அதே கயிற்றில்தான் கட்டியிருந்தான்.

மரத்தோணி வெயிலில் கிடந்தால் காயும். காய்ந்தால் வெடிக்கும். தென்னோலை வெட்டிக்கொண்டுபோய் மூடினேன். அடுத்த நாள் ஓலையைக் காணவில்லை. மறுபடியும் மூடினேன். மறுபடியும் காணவில்லை. ஆனி மாதம் அடிப்பலகையில் ஒரு வெடிப்பு விழுந்தது. என் சுண்டுவிரல் போகும்.

தோணி இல்லாத பெண்கள் எங்கள் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அதற்கு லைசனும் தேவையில்லை, சங்கமும் தேவையில்லை. நானும் இடுப்பில் ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இரண்டு தரம் கெளிற்று மீனின் முள் குத்தியது. கை வீங்கி மூன்று நாள் சோறு பிசைய முடியவில்லை. ஒரு நாள் காலையில் நான் சேற்றில் நிற்க, ஒரு தோணி பக்கத்தால் போனது. சங்கத்தில் சேர வந்தவள் சேற்றில் நிற்கிறாள் என்று ஒரு குரல் கேட்டது. சொன்னது செயலாளரின் தம்பி. தோணியில் இருந்த மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த மூன்று பேரும் யார் என்று எனக்குத் தெரியும்.

பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். சங்கத்து யாப்பு சங்கத்தின் விசயம், எந்தச் சொல்லை எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்த ஒரு சட்டம் தன்னிடம் இல்லை என்றார். முறைப்பாடு எழுத ஒரு போம் தந்தார். குடும்பத் தலைவன் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. என் பெயரை எழுதினேன். அவர் அதை வெட்டி, செத்தவரின் பெயரை எழுதி, பக்கத்தில் சின்னதாக விதவை என்று எழுதினார். கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. பழக்கத்தில் செய்தார்.

புரட்டாதியில் பட்டணத்துப் பெண்கள் அமைப்பு ஒன்றிலிருந்து ஒரு மிஸ் வந்தார். கூட்டம் பல்தேவைக் கட்டடத்தில் நடந்தது. சங்கத்து ஆண்கள் நாற்பது பேரும் வந்தார்கள், பகல் சாப்பாட்டுப் பார்சல் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். பின் வரிசையில் நாங்கள் ஐந்து பெண்கள். மிஸ் ஒரு பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, போம்களிலும் யாப்புகளிலும் வருகிற சொற்களை எழுதினார். மீனவன், தலைவன், அங்கத்தவன். இவற்றுக்குப் பதிலாக இரண்டு பேருக்கும் பொருந்துகிற சொல்லை எழுத வேண்டும் என்று சில இடங்களில் சட்டமே இருக்கிறது, இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வேண்டுமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

தலைவர் எழும்பினார். அவர் பேசினால் ஊர் கேட்கும்.

"மிஸ், எங்கட பக்கத்துக் கதை உங்களுக்குத் தெரியாது. இஞ்ச கலியாணம் முடிச்சா ஆம்புளதான் பெட்டியத் தூக்கிட்டுப் பொம்புளட வீட்ட போற. வீடு வளவு எல்லாம் அவட. நாங்க வந்து குந்தியிருக்கிற ஆக்கள். இதுக்கு மேல என்ன சமம் வேணும்? எழுத்துக்குச் சட்டம் போட்டா நாளைக்குக் குறட்டைக்கும் சட்டம் போடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் கை தட்டினார். மிஸ்ஸும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் பின் வரிசையைப் பார்த்தார். நான் எழும்பி, சட்டம் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார்.

"விருப்பத்துக்கு விட்டா இவங்க விரும்ப மாட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். இருந்துவிட்டேன்.

மிஸ் அதையும் தாளில் எழுதினார். ஆனால் இப்போதைக்குச் சட்டம் இல்லை, சங்கம் விரும்பினால் வாக்கெடுத்துத் தானே மாற்றிக்கொள்ளலாம் என்றார். அங்கேயே வாக்கெடுத்தார்கள். அங்கத்தவர்கள் மட்டும் கை உயர்த்தலாம். மாற்றத் தேவையில்லை என்று நாற்பது கை உயர்ந்தன. தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நான் ஒவ்வொரு கையாகப் பார்த்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது தலைவர் சொன்னதைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். அவர் சொன்னது பொய் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். என் வீடு என் அம்மா தந்தது. என் புருசன் வரும்போது கொண்டுவந்தது ஒரு பையும் ஒரு வீச்சு வலையும். தலைவரும் அப்படித்தான், மண்டூரிலிருந்து வந்தவர். செயலாளர் வடக்கே கதிரவெளிப் பக்கத்துக்காரர், இங்கே கலியாணம் முடித்து வந்தவர். பிறகு தம்பியையும் கூப்பிட்டு இங்கேயே கட்டிவைத்தார். அப்படியென்றால் சங்கத்து அறை நிற்கிற வளவு செயலாளருடையது இல்லை. அவர் பெண்சாதியுடையது.

அந்த இடத்தில் என் கால் நின்றது. யாப்பில் இன்னொரு வரி ஞாபகம் வந்தது. செயலாளர் தன் விரல் இருந்த வரியை மட்டும் நான் வாசித்தேன் என்று நினைத்திருந்தார். நான் அந்தப் பக்கத்தின் மேலிருந்தே வாசித்திருந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் களுவாஞ்சிகுடிக்குப் போன நேரம் பார்த்து அவர் பெண்சாதியிடம் போனேன். அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதற்காகச் சிநேகிதிகள் என்று சொல்ல முடியாது. குசினி வாசலில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இந்தப் பக்கம்? அவர் இல்ல."

"அவரிட்ட வரல்ல."

சங்கத்துக் கதை என்றால் தனக்கு வேண்டாம், அது ஆண்களின் விசயம் என்றாள். சங்கத்துக் கதை இல்லை, உன் வளவின் கதை என்றேன். யாப்பின் அந்தப் பக்கத்தில், மேலே, சங்கம் இருக்கும் இடம் செயலாளருக்குச் சொந்தமான வளவு என்று எழுதியிருக்கிறது என்று சொன்னேன்.

திருவிய கை நின்றது. "அப்பிடியா எழுதிக் கிடக்கு?"

"கிடக்கு. போய்ப் பார்."

அவளுக்கு ஒரே ஒரு மகள். தை மாதம் கலியாணம். வளவின் முன் பாதி, அறை நிற்கிற பாதி, மகளுக்கு வீடு கட்ட வைத்திருந்தது. அது எனக்குத் தெரியும். அதனால் இன்னும் கொஞ்சம் சொன்னேன். இந்த எழுத்து அரசாங்கக் கந்தோருக்கெல்லாம் போயிருக்கும், நாளைக்கு மகளுக்கு எழுதப் போகும்போது யாராவது எடுத்துக் காட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அப்படி நடக்குமா நடக்காதா என்று எனக்குத் தெரியாது. பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். கூட்டிச் சொன்னேன். அவளுக்குப் பயம் வர வேண்டும் என்றே சொன்னேன்.

அவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் அலுமாரியைத் திறந்து சங்கத்துப் பைலை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் நிலத்தில் இருந்து வாசித்தோம். யாப்பில் நான் சொன்னது இருந்தது. அதற்குக் கீழே அவளும் நானும் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. அறையை உடைத்துவிட்டுப் பெரிய கட்டடம் கட்ட உதவி கேட்டு ஒரு விண்ணப்பம். காணிச் சொந்தக்காரன், குடும்பத் தலைவன் என்று போட்ட இடத்தில் செயலாளரின் கையெழுத்து. கீழே, மனைவி என்ற இடத்தில் அவள் பெயர். அதற்கு நேரே, தொழில் இல்லை என்று எழுதியிருந்தது.

அவள் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"எங்கட அம்மா கல்லுச் சுமந்து கட்டின மதில் இது. இவர் வரக்குள்ள ஒரு சூட்கேசு. அதுலயும் ஒரு பூட்டு ஒடஞ்சது," என்றாள்.

நான் சிரிக்கவில்லை. எழும்பி வந்துவிட்டேன். என் வேலை முடிந்தது.

மறுநாள் காலையில் அவளே என் வீட்டுக்கு வந்தாள். செயலாளரிடம் கேட்டிருக்கிறாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறார். போமில் அப்படித்தான் கேட்கிறான், நீ வேறு நான் வேறா, அது சும்மா ஒரு சொல்லுத்தானே என்றாராம்.

எனக்குச் சொல்லும்போது அந்த எழுத்தை அசைக்க ஏலாது. அவளுக்குச் சொல்லும்போது சும்மா ஒரு சொல்லு. இதை நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். நிதானமாக, இரண்டு தரம் சொன்னேன்.

சங்கத்தின் பொதுக்கூட்டம் ஐப்பசியில். இன்ஸ்பெக்டர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வருச முடிவுக்குள் எல்லோருக்கும் லைசன் புதுப்பிக்க வேண்டும். மழை தொடங்கினால் இறால் வரும். வருசத்தில் பெரிய உழைப்பே அப்போதுதான். இதெல்லாம் கணக்கில் எடுத்து நான் முன் கிழமை முழுக்க வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக இறால் விற்கப் போனேன். முதல் வீடு தலைவரின் வீடு. அவர் பெண்சாதி கூட்டத்தில் என்னோடு பின் வரிசையில் இருந்தவள். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சங்கத்துக்கு இடம் கேட்டு உன் ஆள் வந்தால் ஒரு கிழமைக்குப் பதில் சொல்லாதே என்று மட்டும் கேட்டேன். மூன்று பேர் என்னை ஏசினார்கள். ஒருத்தி இறாலையும் வாங்கிக்கொண்டு ஏசினாள். மற்றவர்கள் ஏன் என்று கேட்டார்கள். அவரவர் வீட்டு அலுமாரியில் இருக்கிற போம்களை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள்.

கூட்டத்தன்று காலை ஒன்பது மணி. அறைக் கதவில் புதுப் பூட்டு. நாற்பது பேரும் வளவுக்குள் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். நான் றோட்டில் நின்றேன், வளவுக்குள் போகவில்லை. செயலாளர் தன் பெண்சாதியைக் கூப்பிட்டுத் திறப்பு எங்கே என்று கேட்டார்.

"காணிக்காரரிட்ட கேளுங்க," என்றாள்.

"என்ன கதை கதைக்காய்? திறப்பத் தா."

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். கையில் பைல் இருந்தது. "ஐயா, இதுல காணிக்காரர் இவர் எண்டு கிடக்கு. அப்ப திறப்பும் இவரிட்டதான் இருக்கோணும். நான் மனைவி. எனக்குத் தொழில் இல்ல."

யாரோ ஒருவர் சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார். இன்ஸ்பெக்டர் பைலை வாங்கிப் பார்த்தார். காணி உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். அவள் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதையும் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் வேலை கூடிப்போன ஆளின் முகமாக மாறியது. காணிச் சொந்தக்காரியின் கடிதம் இல்லாமல் சங்கம் இந்த அறையில் இருக்க முடியாது, பதினான்கு நாளைக்குள் வேறு இடம் காட்ட வேண்டும், இடம் இல்லாத சங்கத்தின் கடிதத்துக்குத் தான் லைசன் கொடுக்க ஏலாது என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

தலைவர் மனம் தளரவில்லை. ஒரு வளவுதானே, யாருடைய வளவிலாவது வைப்போம் என்றார். சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். என் வளவில் வையுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கலியாணம் முடித்தவர்கள் பெண்சாதி வீட்டில் இருந்தார்கள். முடிக்காதவர்கள் அம்மா வீட்டில் இருந்தார்கள், அது தங்கச்சிக்கு. நாற்பது ஆண்கள். வாவி முழுக்க அவர்களுடையது. கரையில் பலகை நட ஒரு வளவு இல்லை.

தனக்குப் பிரச்சினை இல்லை, வீட்டில் ஒருக்காக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தலைவர் சைக்கிளில் போனார். அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

அதுதான் அந்த வருசத்தில் நான் சந்தோசமாக இருந்த முதல் நாள். வீட்டுக்கு வந்து மீன் பொரித்துச் சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் செயலாளர் என் வேலிக்கு வெளியே வந்து நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே வரச் சொல்லவில்லை. ஒருவருடைய வளவும் கிடைக்கவில்லை என்று அவர் சொல்லத் தேவையில்லை, எனக்குத் தெரியும். என்ன வேண்டும் என்று கேட்டார். அவருடைய பெண்சாதி தனக்கு வேண்டியதை ஏற்கனவே கேட்டுவிட்டாள். வளவு தன்னுடையது என்று எழுத வேண்டும், ஒவ்வொரு வருசமும் தான் கையெழுத்து வைத்தால்தான் அறை. நான் எனக்கு வேண்டியதைச் சொன்னேன். யாப்பில் அந்தச் சொற்கள் எல்லாம் மாற வேண்டும். எனக்கு அங்கத்துவமும் கடிதமும் முளையும் வேண்டும். இன்னொன்று, புது யாப்பு முழுவதையும் அவர் தன் கையால் எழுதித் துறையில் எல்லோருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும்.

டைப் அடித்தால் என்ன என்று கேட்டார்.

"கையால."

"ஏன்?"

"நீங்க எழுத்துக்கு மரியாதை குடுக்கிற ஆள்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வேலியைப் பார்த்தேன். போய்விட்டார்.

இருபத்து மூன்று பக்கம். இரண்டு நாள் எழுதினார் என்று அவர் பெண்சாதி சொன்னாள். ஏழாம் பக்கத்தில் ஒரு இடத்தில் பழைய சொல்லையே எழுதியிருந்தார். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்பினேன். அதில் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டேன், பள்ளிக்கூடத்தில் எனக்குப் போட்டதுபோல. அவர் அந்தப் பக்கத்தை மறுபடியும் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துறையில் வாசித்தார். ஆண்கள் கவிழ்த்த தோணிகளில் இருந்தார்கள். இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். பெண்களும் வந்தார்கள், பதினைந்து பேருக்கு மேல். அங்கத்துவம் பற்றிய வரி வந்ததும் செயலாளரின் குரல் இறங்கியது. தொழில் செய்யும் மீனவர் எவரும் என்று வாசித்தார்.

"கேக்கல்ல," என்றேன்.

மறுபடியும் வாசித்தார். மறுபடியும் கேட்கவில்லை என்றேன். மூன்று தரம் வாசிக்க வைத்தேன். மூன்று தரமும் எனக்கு நன்றாகக் கேட்டது.

பிறகு வாக்கெடுத்தார்கள். கைகள் உயர்ந்தன. ஒன்றிரண்டு மெதுவாக உயர்ந்தன. என் பெயரைப் புத்தகத்தில் பதிந்தார்கள். கார்த்திகையில் லைசன் கிடைத்தது. மாசியிலிருந்து கார்த்திகை வரை ஒன்பது மாதம்.

முளையைத் தம்பிக்காரன் விடவில்லை. நாளைக்கு எடுக்கிறேன், நாளைக்கு எடுக்கிறேன் என்று மூன்று நாள் சொன்னான். நான்காம் நாள் காலையில் போய் அவன் தோணியின் கயிற்றை அவிழ்த்தேன். கயிறு என்னுடையது. அவன் தோணியை இழுத்துக் கவிழ்க்கவில்லை, வெயிலில் போடவில்லை. அவிழ்த்துவிட்டேன், அவ்வளவுதான். வாடைக் காற்று தோணியை வாவிக்குள் கொண்டுபோனது. அவன் நெஞ்சளவு தண்ணீரில் சேற்றில் கால் புதைய நடந்துபோய்ப் பிடித்தான். நான் கரையில் இருந்து பார்த்தேன். சேற்றில் நிற்கும்போது எப்படி இருக்கும் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும்.

என் தோணிக்குப் பலகை மாற்ற ஒரு மாதம் போனது. அந்த வருசத்து இறாலில் பாதியை நான் பிடிக்கவில்லை.

தை மாதம் அந்த மிஸ் மறுபடியும் வந்தார். செய்தி பட்டணத்துக்குப் போயிருந்தது. துறையில் ஏற்பட்ட மன மாற்றத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றார். ஒருவருக்கும் மனம் மாறவில்லை என்று சொன்னேன். தலைவர் இன்றைக்கும் மீனவன் என்றுதான் பேசுகிறார். செயலாளர் என்னைக் கண்டால் நிலத்தைப் பார்க்கிறார். எழுத்துத்தான் மாறியிருக்கிறது. எனக்கு அது போதும். அவர்களுடைய மனதை நான் கேட்கவில்லை, அதை வைத்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் சட்டம் இல்லாமலே மாற்றிவிட்டீர்கள், இனிச் சட்டம் எதற்கு என்று மிஸ் கேட்டார். சட்டத்தால் சொல்லை மாற்றக் கூடாது, பழகப் பழகத் தானாக மாறும் என்று சிலர் சொல்கிறார்களாம். பழகுவதற்கு நான் இருபத்திரண்டு வருசம் கொடுத்தேன். அவர்கள் கண் முன்னால் தோணியில் போனேன், வந்தேன். பழகினார்கள். என் புருசன் செத்த அடுத்த மாதம் யாப்பில் விரலை வைத்தார்கள்.

மிஸ்ஸுக்கு இதையும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் வளவு பெண்ணிடம் இருந்தது. அதனால் ஒரு பூட்டுப் போட முடிந்தது. அந்தப் பூட்டும் என்னுடையது இல்லை, நான் ஒருத்தியைப் பயம் காட்டிப் போட வைத்தது. வளவும் ஆணிடம் இருக்கிற ஊரில் என்னைப் போல ஒருத்தி எந்தக் கதவைப் பூட்டுவாள்? சட்டம் என்று ஒன்று இருந்திருந்தால் பங்குனி மாதமே கடிதம் கிடைத்திருக்கும், என் தோணி வெடித்திருக்காது. இவ்வளவு வன்மமும் எனக்குத் தேவைப்பட்டிருக்காது. மிஸ் கடைசியாகச் சொன்னதை எழுதினாரா என்று தெரியவில்லை.

இந்த வருசப் பொதுக்கூட்டம் வருகிறது. பதவிகளுக்குப் போட்டியிடுகிறவர்களின் பெயர்ப்பட்டியலை இப்போதைய செயலாளர்தான் எழுத வேண்டும். நேற்றுக் காலையில் அறைக்குப் போனேன். மேசைக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்து இருந்தேன். செயலாளர் பதவிக்கு என் பெயர் என்றேன்.

பேனையை எடுத்தவர் எழுதாமல் வைத்திருந்தார். "இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. களைத்த குரல்.

"எழுதுங்க," என்றேன்.

எழுதி முடியும்வரை இருந்து பார்த்துவிட்டு, தோணிக்குப் போனேன்.